தவளை மனிதனைக் கொன்றது நான்தான், கோகிலா

அடி என் கோகிலா,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அழுதுகொண்டே எழுதும் கடிதம் என்று நினைக்காதே. கோபத்தில் எழுதுகிறேன். போன மாதம் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நம் வகுப்புப் பொன்னுசாமியைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் சொன்ன விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நம் தவளை மனிதனைக் கொன்றது நான்தான்.

சேலத்தில் நம் இன்ஜினியரிங் காலேஜில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவோமே, அந்தக் கம்ப்யூட்டர் அறை. சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்தரை வரை நம் இருவருக்கும் சேர்த்து ஒரு திரை. புரோகிராம் எழுதத்தான் கொடுத்தார்கள். அதை அவசரமாக முடித்துவிட்டு நாம் பாதாளக் குகைக்குள் இறங்கிவிடுவோம். படம் ஒன்றும் கிடையாது, எல்லாம் பச்சை எழுத்துகள். பாம்புக்கு ஓர் எழுத்து, பூதத்துக்கு ஓர் எழுத்து. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குகை புதிதாக மாறிக்கொள்ளும். இருபது தளம் இறங்கி, அடியில் கிடக்கும் மாணிக்கத்தை எடுத்துக்கொண்டு மேலே வரவேண்டும். செத்தால் செத்ததுதான். அதுவரை சேமித்து வைத்த ஆட்டமும் சேர்ந்து அழியும்.

என்ன பிறவி வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்கும். வகுப்பே அரக்கனைத்தான் எடுத்தது. நீ மட்டும் பட்டியலின் கடைசியில் இருந்த தவளை மனிதனை எடுத்தாய்.

"ஏன்டி இது? கவசம் மாட்ட முடியாது. கத்தியைக் கொடுத்தா கையை விட்டு வழுக்கிடும். தண்ணிய விட்டு நாலு அறை தள்ளிப் போனா காஞ்சு செத்துப்போகும்."

"இருந்துட்டுப் போகட்டுங்க்கா. யாருமே எடுக்கலீங்கல்ல?"

உன்னைவிட நாலு மாதம் மூத்தவள், அதனால் நான் உனக்கு அக்கா. அந்த அக்காவின் பேச்சுக்கு என்ன மதிப்பு இருந்தது? எத்தனை தவளைகள் செத்தன! முதல் தளத்திலேயே எலி கடித்துச் செத்தது ஒன்று. குளத்துக்கு இரண்டடி முன்னால் காய்ந்து விழுந்தது இன்னொன்று. பக்கத்துத் திரையில் அரக்கன் வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. நீ ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி தவளையையே எடுத்தாய்.

நீ சண்டையே போட மாட்டாய். குளம் எங்கே என்று தேடுவாய். தண்ணீரில் கிடப்பாய், ஒரு தாவு, மறுபடி தண்ணீர். ஒரு தளத்தைக் கடக்க ஒரு வாரம். "அடிடி அதை!" என்று நான் கத்துவேன்.

"அடிச்சா நாமதானுங்க்கா சாவோம். நாம தவளை" என்பாய்.

அப்படியே ஊர்ந்து ஊர்ந்து ஒரு தவளை பத்தொன்பதாம் தளம் வரைக்கும் போய்விட்டது. அரக்கன்காரர்கள் ஒருவர்கூட அவ்வளவு ஆழம் பார்த்ததில்லை. அந்த வாரம்தான் உன் கண் மஞ்சளானது. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் உன் ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஜன்னல் வழியாகச் சொன்னாய்: "நான் வார வரைக்கும் அவனைத் தொட்டுராதீங்க்கா."

எட்டு நாள் தொடவில்லை. ஒன்பதாம் நாள் உட்கார்ந்தேன். சும்மா பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்து அறையில் ஒரு பெரிய வாள் கிடந்தது. கீழே இறங்கும் படியை ஒரு பூதம் மறித்துக்கொண்டு நின்றது. எத்தனை நாள் பதுங்குவது என்று எரிச்சல் வந்துவிட்டது. வாளை எடுத்தேன், அடித்தேன். முதல் அடியிலேயே வாள் வழுக்கி விழுந்தது. திரும்பி ஓடக் குளம் வெகு தூரத்தில் இருந்தது. பூதம் கொடுத்த மூன்றே அடியில் எல்லாம் முடிந்தது. செத்தவர் பட்டியலில் நம் இரண்டு பேர் பெயரும் ஏறியது: தவளை மனிதன், பத்தொன்பதாம் தளம், பூதத்தால் கொல்லப்பட்டான்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி உன்னைப் பார்க்க வந்தேன். உன் அம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்கள். "வா சாமி. எந்நேரமும் ஏதோ தவளையப் பத்தியேதான் பேசிட்டுக் கெடக்கறா."

நீ பாயில் சுருண்டு கிடந்தாய். நகம்கூட மஞ்சள். குரல் மட்டும் பழைய குரல். "நம்மாளு எப்படிங்க்கா இருக்கறான்?"

"நல்லா இருக்கான். குளத்துல கிடக்கறான்."

நீ என் முகத்தையே பார்த்தாய். "அப்படீங்களா" என்றாய். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாய். அலுப்பு என்று நினைத்தேன். அன்றிலிருந்து பதினோராம் நாள் நீ இல்லை. நான் சொன்ன பொய்யோடுதான் போனாய், நிம்மதியாகப் போனாய் என்று இத்தனை நாள் மனசைத் தேற்றி வைத்திருந்தேன்.

அதைத்தான் பொன்னுசாமி ஒரு டீ குடிக்கும் நேரத்தில் உடைத்துப் போட்டான். "நீ கோகிலாவைப் பாக்கப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் போயிருந்தேன் ஸ்டெல்லா. பட்டியல்ல பாத்ததை உளறிட்டேன். தனக்குத் தெரியும்னு உன்கிட்டக் காட்டிக்க வேண்டாம்னுச்சு. அக்கா அதுவே வந்து சொல்லும்னுச்சு."

தெரிந்துகொண்டுதான் கேட்டாயா? நான் சொல்லவேண்டும் என்று காத்திருந்தாயா? என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா, கோகிலா? "ஏனுங்க்கா கொன்னீங்க" என்று கேட்டிருந்தால் உன் காலைப் பிடித்து அழுதிருப்பேனே. எனக்கு மன்னிப்புக் கேட்க ஒரே ஒரு மத்தியானம்தான் இருந்தது. அது உனக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. என்மேல் கோபமா, உன்மேல் கோபமா, எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

காலேஜில் அந்த விளையாட்டை அழித்துவிட்டார்கள். நான் இப்போது நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். பொன்னுசாமி எங்கிருந்தோ அதை ஒரு பிளாப்பியில் பிடித்துக் கொடுத்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆடுகிறேன், தவளை மனிதனைத்தான். நாலாம் தளத்தைத் தாண்டவில்லை. இத்தனை நிதானம் உனக்கு எங்கிருந்தடி வந்தது? நேற்றும் காய்ந்து செத்தான். விசைப்பலகையைக் குத்தினேன், ஒரு பட்டன் கழன்று விழுந்தது. முதலாளி திட்டினார்.

இனி சாகிற ஒவ்வொரு தவளை மனிதனுக்கும், அந்த வார ஞாயிறு பஸ் ஏறி உன் வீட்டுக்கு வருவேன். உன் படத்துக்கு முன்னால், உன் அம்மா காதுபட, எந்தத் தளம், எதனால் செத்தான், யார் செய்த தப்பு என்று சொல்வேன். நீ கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன்.

உன் அக்கா,
ஸ்டெல்லா