பத்து விரல்களும் வைத்தேன்

கரைத்தீவு,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சுல்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது யாரிடமும் சொல்லி எழுதுவித்த கடிதம் அல்ல. உன் வாப்பாவே பேனை பிடித்து எழுதுகிறேன். முஃப்லிஹா ரீச்சரின் மாலை வகுப்பில் படித்தது. எழுத்துகள் கோணல், ஆனால் எல்லாம் என்னுடையவை. ஜும்ஆ முடிந்து தொடங்கினேன், இவ்வளவுக்கே அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நினைக்கவில்லை.

லண்டன் விசா கிடைத்துவிட்டது. உன் அழைப்புக் கடிதம், வங்கிப் புத்தகம், திரும்பி வருவேன் என்பதற்குக் காணி உறுதி எல்லாவற்றையும் கொண்டுதான் கொழும்புக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு டொக்டர் நின்றார். அவரையும் பத்து விரல்களைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். பிறகு நான் வைத்தேன். உப்பளத்தில் தேய்ந்த விரல்களை மெஷின் பிடிக்கவில்லை. அங்கிருந்த பிள்ளை துடைத்துத் துடைத்து எடுத்தாள். கையெழுத்துத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று அவளிடம் கேட்டேன். “பெருவிரல் வச்சாக் காணும் ஐயா, அதுக்காக ஒருத்தரையும் திருப்பி அனுப்புறதில்ல” என்றாள்.

பேரன் றிப்தி பிறந்தபோதும் எனக்கும் உம்மாவுக்கும் நீ அழைப்புக் கடிதம் அனுப்பினாய். ஊருக்கே விண்ணப்பம் நிரப்புகிறவர் உன் ரஸாக் மாமா. அவரிடம் கொண்டுபோனேன். “கைநாட்டுக்கு விசா இல்ல மச்சான். உப்பு அள்ளுற ஆளுக்கு லண்டன் கேக்குதா?” என்று சிரித்தார். கூடப்பிறந்த தங்கை, உன் உம்மா, பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். உம்மா என்னை விட்டுத் தனியே வர மாட்டேன் என்றுவிட்டாள். குளிர் ஒத்துக்கொள்ளாது என்று உனக்குச் சொன்னது வெட்கத்தில் சொன்னது, மகள். பேரனைப் போனில் மட்டும் பார்த்து மவுத்தாகிப் போனாள்.

இப்போது மாமாவுக்கும் லண்டன் சுற்றிப் பார்க்க ஆசை வந்திருக்கிறது. உன் வீட்டில் தங்க வேண்டுமாம், நீ அழைப்புக் கடிதம் தர வேண்டுமாம். நேற்று வந்து கதிரையில் இருந்து கேட்டார். “ஓம் மச்சான், மகளுக்கு நானே எழுதுறன்” என்றேன். “நீயா?” என்று பிளேன்டீ சிந்தச் சிரித்தார்.

எழுதுகிறேன், மகள். கொடுக்காதே.

கவரை ஒட்டி அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். தபால் கந்தோருக்குத் தானே கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார். பிரித்துப் பார்க்க மாட்டார். நான் எழுதியதில் படிக்க என்ன இருக்கிறது என்று நினைப்பார். அதை நினைத்தால் எனக்குத் தொழுகையிலும் சிரிப்பு வருகிறது, அல்லாஹ் மன்னிக்கட்டும். கடிதம் கிடைத்ததா என்று அவர் போன் எடுத்தால், கிடைத்தது, வாப்பா சொன்னபடியே செய்வேன் என்று மட்டும் சொல்.

உனக்கும் மருமகனுக்கும் றிப்திக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். நீ உம்மாவைப் போல இரக்கக்காரி. இந்த ஒன்றில் மட்டும் உம்மாவைப் போல இராதே. அவள் கை படாத பிள்ளையின் தலையில் அவர் கை பட வேண்டாம்.

துஆவுடன்,
உன் வாப்பா
செய்னுலாப்தீன்