உங்கள் உச்சஸ்தாயி என் தொண்டையில்

என் அன்பு டொறின் அக்கா,

நீங்கள் போய்ப் பதினொரு மாதமாகிறது. உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பயத்தை ஆங்கிலத்தில் எழுத எனக்கு வரவில்லை. என் கழுத்தை வெட்டித் தைத்திருக்கிறார்கள், அக்கா.

நீங்கள் யாரென்று இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். நோவா ஸ்கோஷியாவில் ஒரு மீன்பிடி ஊரில் பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர் நீங்கள். பத்தொன்பது வயதில் ஒற்றைப் பெட்டியோடு ரயிலேறி ரொறன்ரோவுக்கு வந்தீர்கள். யங் வீதிக் கிளப்புகளில் சோல் பாட்டுப் பாடினீர்கள். தேவனைக் கூப்பிடுகிற அதே அடிவயிற்றுக் குரலால் காதலனையும் கூப்பிடுகிற பாட்டு அது. உங்கள் ஒரு இசைத்தட்டு ஒரு கோடைகாலம் முழுவதும் இந்த நகரத்துக் கார்களிலெல்லாம் ஒலித்ததாம்.

பிறகு முப்பத்தாறு வயதில், நிறைந்த ஒரு மண்டபத்தில், பாட்டு உச்சிக்கு ஏறுகிற இடத்தில் உங்கள் குரல் உடைந்தது. இரண்டாம் முறை முயன்றபோது காற்று மட்டும்தான் வந்தது. மைக்கைத் தரையில் வைத்துவிட்டு, மேடைச் செருப்போடு பின்கதவால் பனிக்குள் இறங்கிப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் மேடை ஏறவில்லை. ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினீர்கள்.

நானும் அங்கேதான் ஓட்டினேன். ஒரு மாசிமாதக் காலை, என் பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. உதவி கேட்க உங்கள் பஸ்ஸுக்கு வந்தால், மூடிய கதவுக்குள் நீங்கள் பாடிக்கொண்டிருந்தீர்கள். நான் தட்டியதும் களவில் பிடிபட்டவர் போல விழித்தீர்கள். நாம் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் ஞாபகத்தில் அது எங்கள் தமிழாகவே இருக்கிறது.

"நீ கேட்டனியோ?"

"ஓம் அக்கா."

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பழைய இசைத்தட்டை யாரோ மறுபடி வெளியிட்டார்கள். ஒரு சின்ன மண்டபத்தில் பாட வரச்சொல்லிக் கேட்டார்கள். அன்றைக்குக் குளியலறையில் இரண்டு தரம் வாந்தி எடுத்தீர்கள். வெளியே வந்து என் கையைப் பிடித்தீர்கள்.

"கலா, மேல போற இடம் எனக்கு இனி வராது. அதை நீ பாடு."

"நானோ? நான் மட்டக்களப்பில கோயில்ல பாடினதோட சரி."

"உனக்கு வரும். உன்ரை பஸ்ஸுக்கை நீ பாடினதை நானும் கேட்டனான்."

அன்றிலிருந்து ஆறு வருடம் நீங்கள் கீழே பாடினீர்கள், நான் மேலே பாடினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ரூஜ் என்கிற பகுதியில், டிரம்ஸ்காரர் வின்ஸ்டனின் வீட்டு நிலக்கீழ் அறையில் பயிற்சி. போன வருடம் வைகாசியில் தூக்கத்திலேயே உங்கள் இதயம் நின்றது. உங்கள் பாட்டின் மேற்பாதி என்னிடம் இருந்தது.

ஆவணியில் கண்ணாடி பார்த்தபோது கழுத்தில் ஒரு வீக்கம் தெரிந்தது. தைரொயிட்டில் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் புற்றுநோயா இல்லையா என்று தெரியுமாம். அறுவைச் சிகிச்சை செய்யும் டொக்டர் ஒரு படம் காட்டினார். குரலை மேலே ஏற்றுகிற நரம்பு அந்தக் கட்டியோடு ஒட்டி, நூல் மாதிரிப் போகிறது. "கவனமாகத்தான் செய்வேன். ஆனால் சிலருக்கு உச்சக் குரல் திரும்பி வருவதில்லை" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் சிவா, "பயப்பிடாதேயும். உயிர்தானே முக்கியம்? குரலென்ன குரல்!" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"உங்களுக்கு விளங்காதப்பா. அது என்ரை குரல் இல்லை, அவவின்ரை" என்று கத்தினேன். அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போன காலை, கார் நிறுத்துமிடத்தில் அந்த மேல் வரியை ஒருமுறை முழுதாகப் பாடினேன். சிவா கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் கடைசித் தடவையா? அக்கா, உங்கள் கடைசி உச்சத்தைப் பாடியபோது அது கடைசி என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

மயக்கம் தெளிந்ததும் தாதி என் பெயரைச் சொல்லச் சொன்னார். 'கலா' என்று இரண்டே எழுத்து. வெறும் காற்றுத்தான் வந்தது. அந்த நிமிடம் என் உடம்பு முழுவதும் ஓடிய பயத்தை என்னவென்று சொல்வேன்? கட்டிலின் கம்பியைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை.

கட்டி புற்றுநோய் இல்லையென்று அறிக்கை வந்தது. சிவா பாயாசம் காய்ச்சினார். நானும் சந்தோஷப்பட்டேன், பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன். பேச்சுக் குரல் கிழமை கிழமையாகத் திரும்பியது. மேல் குரல் திரும்பவில்லை. ஆறு மாதமாகலாம், ஒரு வருடமாகலாம், வராமலும் போகலாம் என்கிறார் டொக்டர்.

போன சனிக்கிழமை உங்கள் நினைவுக் கச்சேரி. என்னால் ஏலாது என்று வின்ஸ்டனிடம் சொன்னேன். "சுருதியை இறக்கி வாசிக்கிறம். நீ வந்து நிண்டாலே காணும்" என்றார். போனேன். மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இடம் வந்தபோது வாயைத் திறந்தேன். முதலில் காற்று. அடுத்த சுற்றில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மூன்றாம் சுற்றில் மேலே போகாமல், நீங்கள் பாடுகிற கீழ் இடத்திலேயே பாடி முடித்தேன். கைதட்டினார்கள். நான் எதிர்பார்த்த அதிசயம் எதுவும் நடக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த உங்கள் தங்கை வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "நீ நடுங்கினது தெரிஞ்சது. அவவும் சின்னனிலையிருந்தே பாடமுதல் நடுங்குவா. அந்த நடுக்கம் சாகுமட்டும் நிக்கேல்லை" என்றார்.

அடுத்த மாதம் மூக்கு வழியாகக் கமராக் குழாய் விட்டு என் குரல்நாணைப் பார்க்கப் போகிறார்கள். அந்தக் குழாய் என்ன சொன்னாலும், சனிக்கிழமைப் பயிற்சியை விடமாட்டேன் அக்கா. இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. பயந்தபடியே படியிறங்கிப் போய், என்ன வருகிறதோ அதைப் பாடுவேன்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
கலா