குளிர் போகும் வழி

என் அன்பு மகள் ரஹீமோவுக்கு, மலைமேலிருந்து அய்யாது பெரியப்பா சொல்லி அனுப்பும் ஸலாம். நீ இருக்கும் அந்த ஸ்பானிய ஊரில் உனக்கும் உன் குழந்தைக்கும் உடம்பில் சுகமும் வீட்டில் ரொட்டியும் குறையாமல் இருக்கட்டும்.

அல் ஹொசைமா பக்கம் நிலம் குலுங்கி நூற்றுக்கணக்கான பேர் இடிபாட்டுக்குள் போனார்களே, அதற்கு மறுவருஷத்துச் சங்கதியைச் சொல்லப் போகிறேன். நம் பள்ளிவாசலுக்குக் கரண்ட் வந்ததும் அந்த வருஷம்தான். முதல் நாள் ஒலிபெருக்கியில் பாங்கு கேட்டதும் உன் அப்பாவின் கோவேறு கழுதை முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. உனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பாய்.

இந்தக் கடிதத்தை நம் ஊர் இமாமிடம் சொல்லி எழுதவில்லை. இரண்டு வண்டி மாறி ஷவென் சந்தைக்கு வந்து, குடை விரித்து உட்கார்ந்து எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம் சொல்கிறேன். அவருக்கு என்னைத் தெரியாது, உன்னையும் தெரியாது. போனில் பேசலாமே என்று கேட்பாய். போனில் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் ஒரு பொய்யைச் சொல்லி நழுவிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு என்பது இதைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும்.

போன மாதம் மருமகன் என்னை ஃபெஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மருமகனை வெளியே கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வரும் வழியில் அவன் எனக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கித் தந்தான். கேட்காமலே வாங்கித் தந்தான்.

உன் அப்பா முஃபத்தலும் நானும் பக்கத்து வயல்காரர்கள். அவன் வயல் மேலே, என் வயல் கீழே. நடுவில் நெஞ்சளவு உயரத்துக்குக் கல்சுவர். அந்தச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருந்தது. அது ஆள் போவதற்காக விட்ட வழி அல்ல, குளிர் போவதற்காக விட்டது. நம் மலையில் குளிர் தண்ணீர் மாதிரி. உச்சியிலிருந்து வழிந்து, படிப்படியாக இறங்கி, ஓடைப் பள்ளத்தில் போய்ச் சேரும். வழியில் எதுவும் மறிக்காவிட்டால் கிஃப் செடிக்குப் பெரிய சேதம் வராது. கஞ்சா என்று கீழ்நாட்டார் சொல்லும் அந்தச் செடி லேசான உறைபனியைத் தாங்கிக்கொள்ளும். காலையில் இலையெல்லாம் தொங்கிப்போய், தொழுகையில் குனிந்த மாதிரி நிற்கும். வெயில் ஏற ஏறத் தலைதூக்கும். நாலைந்து தடவை அப்படிப் பட்ட செடியின் தண்டு ஊதா ஓடி முறுக்கேறிவிடும். ஆனால் குளிர் ஓரிடத்தில் தேங்கி நின்றால் கதை வேறு. தண்டுக்குள் இருக்கிற சாறு உறைந்துபோகும். வெயில் பட்டதும் வேகவைத்த கீரை மாதிரித் துவண்டு, மதியத்துக்குள் கறுத்துவிடும். அது பிறகு எழாது.

அந்த வசந்தத்தில் உன் அப்பாவின் கோவேறு கழுதை அந்தச் சந்து வழியாக இறங்கி என் வெங்காயப் பாத்தியை மிதித்துவிட்டது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கழுதையைக் கட்டிப்போடு என்று ஒரு கல்யாண வீட்டில் வைத்து அவனிடம் சொன்னேன். அவன் வாய்தான் உனக்குத் தெரியுமே. “ஏன்டா அய்யாது, உன் வெங்காயம் என்ன சமைஞ்ச பொண்ணா, வாசல்ல காவல் போட்டுக் காப்பாத்த?” என்றான். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் காலை கல் சுமந்து அந்தச் சந்தை அடைத்துவிட்டேன்.

அப்போது ஏப்ரல் மாதம் பாதி கழிந்திருந்தது. மார்ச்சில் வருகிற கடைசிக் கடுங்குளிர் நாட்களை நாம் ஹுசூம் என்போம். ஹுசூம் போய்விட்டால் குளிரும் போய்விட்டது என்று கணக்கு. அந்த நம்பிக்கையில் பெண்கள்கூடக் கம்பளிகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்து அடைத்தேன். இதுவரைக்கும் என்மேல் பெரிய குற்றம் இல்லை.

ஒன்பது நாள் கழித்து ஒரு சாயங்காலம் காற்று சட்டென்று நின்றது. வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. நாய்கள் மாட்டுக் கொட்டிலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. அன்று ராத்திரி உறைபனி விழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்கிப்போய் நாலு கல்லைத் தள்ளிவிட்டிருந்தால் போதும். போர்வைக்குள் கிடந்தேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன் மகளே, வேறொன்றும் நினைத்தேன். சுவர் குளிரை மேலேயே நிறுத்திவிட்டால் என் செடிக்கு நல்லது என்று நினைத்தேன்.

விடியும் முன் போனேன். உன் அப்பாவின் வயல் முழுதும் வெள்ளையாக இருந்தது. தொட்டியில் தண்ணீர் நிற்குமே, அதுபோலக் குளிர் நின்ற மட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. சுவரின் தலை எந்த உயரமோ அந்த மட்டம் வரைக்கும் சரிவில் செடிகள் விறைத்து நின்றன. அதற்கு மேலே, சரிவின் உச்சியில், ஒரு சின்னப் பட்டை மட்டும் பச்சை. என் வயலில் ஒரு செடிக்குக்கூடச் சேதம் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அடைத்த கல்லையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பழையபடி சந்தைத் திறந்துவைத்தேன். பனி படிந்த கல் விரல்தோலை உரித்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் உன் பெரியம்மா தாமோ என் கையைப் பார்த்தாள்.  ஒலிவ எண்ணெய் எடுத்துவந்து தடவினாள். ஏன் என்று செத்துப்போகும்வரை கேட்கவில்லை.

இப்போது உன் தாய்மாமன் ஹம்மூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் விதைப்பு நாளில் எல்லா வயலிலும் முதல் பிடி விதையை வீசியது அவன் கைதான். ராசியான கை என்று குழந்தை பெற்ற வீட்டில்கூட அவனை முதலில் கூப்பிட்டுத் தொட்டிலைத் தொடச் சொல்வார்கள். அந்த வருஷம் அவன் கடற்கரை ஊரிலிருந்து ஒரு மிளகு டப்பாவில் புது விதை கொண்டுவந்தான். அதிகம் மகசூல் தரும், தங்கை வீட்டில் கொஞ்சம் வசதி வரட்டும் என்று உன் அப்பாவுக்கு மட்டும் கொடுத்தான். பழைய நாட்டு விதையையும் புதியதையும் ஒன்றாகக் கலந்து அவனே வீசினான்.

வெயில் ஏறியதும் வயலில் கூட்டம். உன் அம்மா யம்னா முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். நீ அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. ஒரு வருஷத்து ரொட்டி கண்முன்னால் கறுத்துக்கொண்டிருந்தது. மற்ற வயல்களெல்லாம் தப்பிவிட்டன, இது மட்டும் ஏன் என்று எல்லோரும் பேசினார்கள். இது மலைக்குளிர் தெரியாத விதை, கலந்து போட்டதில் மொத்தமும் கெட்டது, மேலே தப்பியிருப்பது நாட்டு விதையாக இருக்கும் என்று யாரோ சொன்னார். அந்த வயதுச் செடியில் எது பழசு எது புதுசு என்று பிரித்துப் பார்க்க ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். உன் அப்பா என்னைத்தான் கேட்டான்.

“அய்யாது, நீ போய்ப் பாரு. செடி விஷயத்துல நீ சொன்னா சரி. விதையா, குளிரா?”

நான் மேலே ஏறிப்போய்க் குனிந்து பார்த்தேன். அந்தப் பச்சைப் பட்டையில் பாதிக்குப் பாதி அகல இலை, குட்டைத் தண்டு. ஹம்மூவின் விதை. உயிரோடு நின்றது. கீழே சுவரோரம் செத்துக்கிடந்ததில் பாதி நம் நாட்டுச் செடி. விதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குளிர் என்று சொல்லியிருந்தால், இவ்வளவு காலம் தாங்கிய வயல் இன்றைக்கு ஏன் தாங்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். எல்லார் கண்ணும் சுவருக்குப் போகும்.

“விதைதான்” என்றேன்.

ஹம்மூ என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொல்லிவிட்டதால் அவனும் அதை நம்பிவிட்டான். உன் அப்பா குனிந்து ஒரு பிடி கறுத்த செடியைப் பிடுங்கி அவன் காலடியில் போட்டுவிட்டு, உன் அம்மாவிடம் திரும்பிச் சொன்னான்: “இனி இவன் வாசப்படிய நீ மிதிச்சா, என் வாசப்படிய மிதிக்க வேணாம். அல்லாஹ் மேல சத்தியம்.”

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அந்த இலையுதிர் காலத்தில் அறுக்க ஒன்றும் இல்லாமல் உன் அப்பா படகு ஏறினான். கடலுக்கு அப்பால் ஸ்பானிய நாட்டு அல்மேரியாவில் பிளாஸ்டிக் பந்தலுக்குக் கீழே தக்காளி பறிக்கப் போகிறேன், அங்கே உறைபனியே இல்லையாம் என்று என்னிடம் சிரித்துச் சொல்லிவிட்டுப் போனான். கடல் அவனைத் திருப்பித் தரவில்லை, உடம்பைக்கூட. செத்தவன் போட்ட சத்தியம் என்று உன் அம்மா அதை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கூடப்பிறந்தவன் வீட்டைத் தாண்டித்தான் ஊற்றுக்குப் போகவேண்டும். அவள் மலையைச் சுற்றிப் போனாள். உன்னைக் கூட்டிக்கொண்டு தெத்துவானில் அக்காள் வீட்டுக்குப் போன பிறகும் அண்ணன் பெயரைச் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் இறந்து, மையத்து அடக்கத்துக்கு ஊருக்கு வந்தபோது ஹம்மூ கப்ருஸ்தான் சுவருக்கு வெளியே நின்றான். நீ அவனைத் தாண்டி நடந்து போனாய். தலை திருப்பவில்லை. உன்மேல் தப்பில்லை. உனக்குச் சொல்லித் தந்தது அப்படி.

அந்த வருஷத்துக்குப் பிறகு ஒருவரும் ஹம்மூவை விதைப்புக்குக் கூப்பிடவில்லை. பொருத்தம் பேசிய பெண் வீட்டாரும் பின்வாங்கிவிட்டார்கள். விதைப்பு நாளில் மேலே பாறையில் வந்து உட்கார்ந்து மற்றவர்கள் வீசுவதைப் பார்த்துவிட்டு எழுந்துபோவான். சில்லறைப் பையன்கள் “ஹம்மூ மாமா, டப்பாவுல என்ன இருக்கு?” என்று கத்துவார்கள். இப்போது அவனுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. தானே ரொட்டி தட்டி, தானே சாப்பிடுகிறான்.

நான் அவனிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். இரண்டு தடவை போனேன். முதல் தடவை வாசலோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை, தாமோ இறந்த நாற்பதாம் நாளுக்குப் பிறகு, உள்ளே போய் உட்கார்ந்தேன். புதினாத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். வாயைத் திறக்கப் போகும்போது அவன் முந்திக்கொண்டான்.

“அண்ணே, அந்த விதையை நான் கொண்டுவந்திருக்கவே கூடாது. முஃபத்தலும் இல்ல, யம்னாவும் இல்ல. மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு ஆள் இல்ல. பக்கத்து வயக்காரன் நீயாவது சொல்லிடேன்.”

நான் மன்னித்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன் ரஹீமோ. அவன் என் கையை முத்தமிட்டான்.

எழுதுகிறவர் இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு, மேலே சொல்லுங்கள் என்கிறார்.

நான் கேட்பது இரண்டு. ஒரு மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதன் பொறுக்காமல் அல்லாஹ் பொறுக்கமாட்டான் என்று நமக்குச் சொல்லியிருக்கிறது. உன் அப்பா அம்மா பங்குக்கு நீதான் வாரிசு. முடிந்தால் பொறுத்துக்கொள். முடியாவிட்டால் அதுவும் உன் உரிமை, நான் வருத்தப்பட மாட்டேன். இரண்டாவதற்கு மட்டும் சாக்குச் சொல்லாதே. வருகிற விதைப்புக்கு ஊருக்கு வா. உன் அப்பா வயல் சும்மாதான் கிடக்கிறது. இந்தக் கடிதத்தைப் பள்ளிவாசல் முன்னால் எல்லோருக்கும் கேட்கும்படி வாசி. அன்றைக்கு நான் அங்கே இருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். இருந்தால் எல்லோர் முன்னாலும் நிற்பேன்.

மையில் பெருவிரலை வைத்து அடியில் அழுத்திவிட்டேன். அது என் விரல்தான் என்பதற்கு எழுதியவர் சாட்சி. உன் பிள்ளை தீர்க்காயுசாக இருக்கட்டும். அவன் தூங்கும் இடத்தில் குளிர் தேங்காதிருக்கட்டும்.

அந்தக் காலை வயலில் நின்ற எங்கள் நாலு பேரில் முஃபத்தல் கடலில் போனான். யம்னா மண்ணில் போனாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது என்னையும் அவர்களோடு சேர்த்துக்கொள். மிச்சம் உன் தாயின் கூடப்பிறந்த ஹம்மூ ஒருவன்தான். தாமதிக்காதே மகளே.