அத்திப்பழமும் பெல்ட்டும்

செவ்வாய், இரவு

மலச்சிக்கலுக்கும் சோர்வுக்கும் நல்லது என்று நான் வேலை செய்யும் மல்லாபூர் ஃபேக்டரியில் சொன்னார்கள். அதிலிருந்து தினமும் காலையில் ஊறவைத்த அத்திப்பழம் தின்கிறேன். வயிறு இளகியது, தொப்பையும் கரைந்தது. இன்று பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டு, ஹாலில் ஹீரோ மாதிரி நடந்து காட்டினேன். மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

“எந்துக்குப்பா இவ்ளோ தண்ணி குடிக்கிறீங்க? டயர்டும் போகல. சுகர் பாத்தீங்களா?”

“பழம்தானேம்மா!”

“அது முழுக்க இனிப்புப்பா. நாளைக்கு வெறும் வயித்துல பிளட் டெஸ்ட், வாங்க.”

என் அப்பாவுக்கும் முதலில் வேட்டிதான் தளர்ந்தது. அவரும் பெருமையாகத்தான் காட்டினார். சுகர் முற்றி ஒரு காலையே வெட்டி எடுத்தது அப்புறம்.

இவ்வளவு பயத்திலும் பழக்கதோஷத்தில் நாளைக்குப் பழம் ஊறப்போட்டிருக்கிறேன், புத்திசாலி. போய்க் கொட்ட வேண்டும். அதற்கு முன் குனிந்து என் இரண்டு கால்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.