ஆரோக்கியம் சாரின் "விட்ரு"

12 ஆகஸ்ட் 1994, வெள்ளி

இன்று ஆரோக்கியம் சாருக்கு முப்பதாம் நாள் பூசை. முடிந்ததும் அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கடைசியா அவுகளப் பார்த்தது நீங்கதான் தம்பி. ஏதாச்சும் சொன்னாகளா?"

"ஒண்ணும் சொல்லலக்கா" என்றேன்.

சொன்னார். அன்று மாலை பள்ளி விட்ட பிறகு, ஆசிரியர் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கையைப் பிடித்தேன். "விட்ரு, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எங்கள் பள்ளி ஆசிரியர்களின் கால்பந்து அணியில் அவர் கோல்கீப்பராக நின்ற பத்து வருஷமும் எனக்குப் பின்னாலிருந்து கத்தியது இதே "விட்ரு"தான். அவருக்கு முன்னால் தடுப்பு வரிசையில் பேக் ஆடிய நான் உடனே காலை இழுத்துக்கொள்வேன். அவர் பாய்ந்து வந்து பந்தை அணைத்துக்கொள்வார். ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

அன்றும் விட்டுவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் சாக்கோட்டையில் இருக்கும் என் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். ஏழு மணிக்கு விளக்கை அணைக்கப் போன வாட்ச்மேன்தான் பார்த்திருக்கிறார். நோட்டுகளின் மேல் கவிழ்ந்து கிடந்தாராம்.

அக்கா நான் சொன்னதை நம்பிவிட்டார். "சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி" என்று இலை போட்டார். சாப்பிடவும் செய்தேன்.

அந்த ஒரு தடவை மட்டும் அவர் சொல்லைக் கேட்காமல் நான் குறுக்கே காலை நீட்டியிருந்தால்...