எஞ்சின் பெட்டியில் இரண்டு தட்டு

சிக்னெட், தாஸ்மேனியா
ஆகஸ்ட் 14

அன்புள்ள பிரையனி,

நான் நலம், படகும் மிதக்கிறது. உன் இருமல் விட்டதா என்று ஒரு வரி எழுது. அங்கே கோடை என்றாலும் அபர்டீன் குளிருக்கு அந்த மெல்லிய கோட்டு போதாது. டிசம்பரில் வந்து பழையபடி படகின் பின்னறையில்தான் படுப்பேன் என்று எழுதியிருந்தாய். அதனால்தான் இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எஞ்சின் சத்தம் தாங்க முடியாமல் போய்விட்டது. அப்பா இறப்பதற்கு முந்தைய மாதம் சத்தம் அடங்க எஞ்சின் பெட்டிக்குள் ஒட்டிய ஃபோம், இரண்டே குளிர்காலத்தில் எண்ணெய் குடித்துக் கறுத்து, ஈரக் கேக்கைப் போல உதிர்கிறது. ஆள் வைத்து மாற்ற இரண்டாயிரத்து நானூறு டாலர் கேட்டார்கள். நானே செய்வதென்று, பழைய படகு உடைக்கும் இடத்தில் துண்டு துண்டாகக் கிடந்த ஒரு பக்கம் ஃபாயில் ஒட்டிய ஃபோமை நூற்றெண்பதுக்கு வாங்கி வந்தேன். சுரண்டுவது பெரிய வேலை, பழையதன் மேலேயே ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன், அப்பா செய்தது போலவே.

இதற்கு நடுவில் வேறொன்று. ஃபோம் உதிரத் தொடங்கியதிலிருந்து, ஆற்றின் நடுவே போகும்போது கீழே இரண்டு தட்டு கேட்டது. இங்கே யாரும் தட்டாமல் அடுத்தவர் படகில் கால் வைப்பதில்லை, உனக்குத் தெரியும். இரண்டு தட்டு, பிறகு காத்திருப்பார்கள். அதே இரண்டு, அதே இடைவெளி. முதல் முறை பழக்கத்தில் வாங்க என்று சொல்லிவிட்டேன். சுற்றிலும் தண்ணீர். அப்பா தன் சொந்தப் படகிலேயே தட்டிவிட்டுத்தான் ஏறுவார், "உள்ள மகாராணி இருக்காங்களே, உத்தரவு வேணாமா" என்பார். நான் இப்படிப்பட்டதை நம்புகிறவள் அல்ல. தலை வேறு வலித்துக்கொண்டே இருந்தது, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நான்காம் முறை தட்டு கேட்டதும், எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துக்கொண்டு கரை திரும்பினேன். ஏன் திறந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பக்கத்துப் படகு பெவ்விடம் ஃபோமைப் பற்றி மட்டும் சொன்னேன். அவள் டீயைக் கீழே வைக்காமலே, "படிச்ச பொம்பளதானே நீ? புண்ணைக் கழுவாம மேல கட்டுப் போடுவியா? உன் புருஷன் கிளைவும் இதையேதான் பண்ணினான், சோம்பேறி. முதல்ல சுரண்டுடி" என்றாள்.

சுரண்டினேன், மூன்று நாள். இடது மூலையில் இரண்டு அடுக்கையும் உரித்தபோது புகைக்குழாயின் தாங்கி முறிந்து தொங்கியது. படகு சாயும்போதெல்லாம் குழாய் பலகையில் இடித்திருக்கிறது. குழாயின் அடியில் என் விரல் நுழையும் வெடிப்பு. அதற்கு நேர் பின்னால் வயர் போகும் ஓட்டை, விளிம்பெல்லாம் கரி. அதன் வழியாகப் பார்த்தால் பின்னறைப் படுக்கையின் தலைமாடு தெரிந்தது.

பாட்டரி ஏறட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டு அப்பா அங்கே படுத்து எழாமலே போன மதியம் உனக்கு நினைவிருக்கும். மாரடைப்பு என்றார்கள், நாமும் நம்பினோம். எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை. கடைசி மாதம் முழுக்கத் தலைவலி என்றார்; கண்ணாடியை மாற்றிப் பாருங்கள் என்றேன். சத்தம் தாங்கவில்லை, ஏதாவது ஒட்டுங்கள் என்று சொன்னதும் நான்தான். இதை ஃபோனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புகைக்குழாய் மாற்றியாயிற்று, ஓட்டை அடைத்தாயிற்று, பின்னறையில் வாயு அலாரம் மாட்டியிருக்கிறேன். பசையை நம்பாமல் வாஷர் வைத்து ஸ்க்ரூ முடுக்கி, மூட்டுகளுக்கு ஃபாயில் டேப் போட்டுப் புது ஃபோமைப் பொருத்தினேன். நேற்று ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். அலாரத்தில் பூஜ்யம். எஞ்சின் அடங்கி ஓடுகிறது, தட்டும் இல்லை. அந்த இடது மூலையில் மட்டும் ஒரு கையகலம் ஃபோம் வைக்காமல் விட்டிருக்கிறேன். இனி அங்கே இடிக்க எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், தட்டினால் கேட்க வேண்டும்.

நீ எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் இருக்க வேண்டும். வீட்டு உரிமையாளரிடம் ஹீட்டரைச் சோதிக்கச் சொல். தலை வலித்தால் முதலில் ஜன்னலைத் திற, கண்ணாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா
ரோவெனா