பத்தொன்பது வீடுகளின் கையெழுத்து

2020 மார்ச் 20, வெள்ளி

மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு என்று அறிவித்துவிட்டார்கள். மூன்று மணிக்கே போய்க் காட்சிக்கூடத்தைப் பூட்டிவிட்டு வந்தேன். காட்சிக்கூடம் என்று நான்தான் பெரிதாகச் சொல்கிறேன். முள்ளியவளைச் சனத்துக்கு அது இன்னும் பழைய கூட்டுறவுச் சங்கக்கடைதான். இரண்டு அறை, நாலு கண்ணாடி அலுமாரி, பத்தொன்பது வீட்டுக்காரர் தந்த சாமான்கள். எங்கள் வரலாற்றுக் கழகத்துக்குத் தலைவர் பரமேஸ்வரன் சேர். செயலாளர், காவலாளி, கூட்டித் துடைக்கிறவள் எல்லாம் நான்.

பூட்டுகிற நேரம் மீனம்மா அக்கா கவ்வாத்துக் கத்தியோடு வேர்க்க விறுவிறுக்க வந்தார். அவருடைய புருசன் வீரையா அண்ணர் மலையகத்தில் தேயிலைச் செடி வெட்டிய கத்தி. எழுபத்தேழுக் கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தபோது, உடுத்த துணிக்கு மேலாகக் கொண்டுவந்தது அதை மட்டும்தான். வருசா வருசம் அண்ணரின் திவசத்துக்குக் கத்தி வீட்டுக்குப் போய், படத்துக்கு முன்னால் ஒரு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வரும். எங்களிடம் எல்லாச் சாமானும் அப்படித்தான். ஒன்றும் எங்களுடையதில்லை, இரவல். வீட்டில் விசேசம் என்றால் போய் வரும். கொழும்பிலிருந்து வந்த ஓர் ஆய்வாளர் இதைக் கேட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும்.

"பத்திரமா வச்சுக்குங்க டீச்சர்," என்றார் அக்கா. முன்பள்ளியில் படிப்பிப்பதால் நான் ஊருக்கே டீச்சர்.

2020 ஏப்ரல் 26

அனுமதி எடுத்துப் போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். கூரை ஒழுகிச் சுவர் ஊறிப்போய்க் கிடக்கிறது. அலுமாரிக் காலில் கறையான் ஏறிவிட்டது. பொன்னையா அண்ணரின் வானொலிப்பெட்டியைத் தூக்கினால் அடியில் ஈரம். சண்டைக் காலத்தில் பற்றறி இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி அவர் செய்தி கேட்ட பெட்டி. சாக்கால் துடைத்து மேசையில் ஏற்றினேன். இப்படி இன்னும் மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் திறப்பதற்கு என்ன மிஞ்சும்?

சேருக்குப் போன் எடுத்தேன். "பொறு பிள்ளை. பூட்டிக் கிடக்கிற நூதனசாலைகளுக்கு உதவுறதுக்குக் கொழும்பில ஒரு நிதியம் வெளிக்கிட்டிருக்கு. எழுதிப் போட்டிருக்கிறன்." அந்த மனிசன் இல்லாவிட்டால் இந்தக் கழகம் எப்போதோ படுத்திருக்கும்.

2020 ஜூன் 11

நிதியம் ஓம் என்றுவிட்டது. சேர் படிவங்களைக் கொண்டுவந்து தந்தார். எல்லாம் ஆங்கிலம். "ஆருடைய சாமான் எண்டு உறுதிப்படுத்துற படிவம். இது போனாத்தான் கூரை வரும். நான் போனா ஆயிரம் கேள்வி கேப்பினம், நீ போ."

2020 ஜூன் 17

முகக்கவசமும் சைக்கிளுமாக ஐந்து நாள். இன்றைக்குப் பத்தொன்பதாவது வீடும் முடிந்தது.

ஒருவராவது "இது என்ன?" என்று கேட்கவில்லை. "எங்க போடுறது?" என்று மட்டும் கேட்டார்கள். நான் கேட்க முன்னமே அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்கள். சண்டை முடிந்து மீளக் குடியேறிய காலத்திலிருந்து எத்தனை படிவம் — கூடாரத் தறப்பாளுக்கு, தகரத்துக்கு, மலசலகூடத்துக்கு, கோழிக்குஞ்சுக்கு. மேசையில் தாள் வைத்தால் கை தானாகப் பேனையைத் தேடுகிறது. வழியெல்லாம் இதை நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மீனம்மா அக்கா ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். "உங்க முகத்துக்குத்தான் டீச்சர்," என்றார். சாட்சி என்ற இடத்தில் பத்தொன்பது தரம் என் பெயர்: யோ. தாட்சாயினி.

2020 ஓகஸ்ட் 22

நிதியத்தின் லொறி வந்தது. கூரை வேலை முடியும்வரை கொழும்பில் வைத்துத் துப்புரவாக்கி, படமெடுத்துத் தருவார்களாம். வந்தவர்கள் கையுறை போட்டு, குழந்தையைச் சுற்றுகிற மாதிரி ஒவ்வொன்றையும் சுற்றினார்கள். எனக்குப் பெரிய சந்தோசம். இந்தச் சாமான்களுக்கு இவ்வளவு மரியாதையை நான் கண்டதில்லை.

2020 ஒக்டோபர் 30

கூரை போட்டாயிற்று. கொரோனா திரும்பவும் பரவுவதால் சாமான்கள் வரத் தாமதமாகுமாம். புதுக்கூரையின் கீழே நாலு வெற்று அலுமாரி.

2021 மார்ச் 8

மீனம்மா அக்கா கத்தி கேட்டு வந்தார். நாளைக்குத் திவசம். கொழும்பில் இருக்கிறது, வந்துவிடும் என்றேன். வெற்று அலுமாரியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிங்க டீச்சர்," என்றுவிட்டுப் போனார். சேர் போனை எடுக்கவில்லை.

2021 மார்ச் 10

அக்காவின் மகள் ராஜினி வவுனியாவில் ஒரு கந்தோரில் வேலை. போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கொழும்பில் திறந்த புதுக் காட்சியறை. கண்ணாடிப் பெட்டிக்குள் கத்தி, கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி: தோட்டத் தொழிலாளியின் கத்தி, நிதியத்துக்கு அன்பளிப்பு, நிரந்தரச் சேகரிப்பு. "எங்க அம்மா எப்ப அன்பளிப்புக் குடுத்தாங்க டீச்சர்?" என்று கேட்டிருந்தாள்.

படிவத்தின் பிரதியை எடுத்து வாசித்தேன். அரை மணித்தியாலம் ஆகவில்லை. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், அதுதான் பெரிய கேவலம். 'திரும்பப் பெறும் உரிமையின்றி, முழுமையாக' — எல்லாம் அச்சடிச்சு அப்படியே கிடக்குது. அஞ்சு நாள் காவிக்கொண்டு திரிஞ்சனான், ஒருக்கா குனிஞ்சு பாக்கேல்லை. சேர் சொன்னவர் எண்டா? சேர் சொன்னா கண் தெரியாமப் போயிடுமா?

அவருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

2021 மார்ச் 12

தண்ணீரூற்றில் சேர் வீட்டுக்குப் போனேன். விறாந்தைக் கதிரையில் இருத்தி, ஒன்றும் நடக்காத மாதிரி முன்பள்ளி எப்படிப் போகிறது என்று கேட்டார். நான் பிரதியை நீட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"இஞ்ச கிடந்தாக் கறையான் திண்டிருக்கும். அங்க குளிரூட்டி போட்டு வச்சிருக்கினம், வெளிநாட்டுக்காரர் பாக்கினம். இஞ்ச ஆர் பாத்தது, சொல்லு?"

"அந்தச் சனம் இரவலாத் தந்தது சேர்."

"கேட்டிருந்தா ஒருத்தரும் தந்திருக்க மாட்டினம். அதாலதான் கேக்கேல்லை." பிறகு மெல்லமாக: "பிள்ளை, கையெழுத்து வாங்கினது நீ. சாட்சியும் நீ. என்ரை பேர் ஒரு தாளிலயும் இல்லை."

நிதியத்தின் ஆலோசகர் சபையில் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதை அவருடைய மனைவி தேத்தண்ணீர் தரும்போது பெருமையாகச் சொன்னார். நான் அந்தத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். ஏன் குடித்தேன்?

2021 மார்ச் 13

ஒரு வீட்டுக்கும் போகவில்லை. பயம்.

2021 ஏப்ரல் 4

இரண்டு கிழமையாக ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லி முடித்தேன். சிலர் ஏசினார்கள், அது சுகமாக இருந்தது. பொன்னையா அண்ணர் ஏசவும் இல்லை, கதிரையில் இரு என்று சொல்லவும் இல்லை. "உன்னை நம்பித்தானே படிச்சுப் பாக்கேல்லை," என்றார். மீனம்மா அக்கா உள்ளே இருந்துகொண்டு வெளியே வரவில்லை. குசினிக்குள் சட்டி வைக்கிற சத்தம் கேட்டது.

2021 நவம்பர் 14

பயணத்தடை எல்லாம் எடுத்தபிறகு ஒரு முறைப்பாடு எழுதினேன். நல்ல தமிழில், வரி வரியாக, சேர் ஏமாற்றிய கதை முழுவதும். எல்லோரும் கையொப்பம் வைத்தால் பிணக்குத் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். முதலில் மீனம்மா அக்காவிடம் போனேன். இந்த முறை வெளியே வந்தார். "படிங்க டீச்சர்," என்றார். படித்தேன். திரும்பவும் படிக்கச் சொன்னார். மூன்றாம் தரமும் சொன்னார். மூன்று தரமும் கண்ணை மூடிக் கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா நீங்க கொண்டுவர்ற தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். சேர் எனக்குச் செய்ததைத்தான் நான் அவவுக்குச் செய்தனான் — அவவுக்கு அதிலை என்ன வித்தியாசம்?

2022 ஜனவரி 9

ராஜினி தானே ஒரு முறைப்பாடு எழுதி, பத்தொன்பது பேரிடமும் கையொப்பம் வாங்கிப் போட்டிருக்கிறாள். எதிராளிகள் இருவர். முதலாவது பரமேஸ்வரன். இரண்டாவது நான். அழைப்புக் கடிதம் நேற்று வந்தது.

2022 ஜனவரி 23

முன்பள்ளி நிர்வாகத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: என்னில் பிழை என்று வந்தால் என்னை வைத்திருப்பது கஷ்டம். பின்னேரம் சேர் போன் எடுத்தார், பத்து மாதத்துக்குப் பிறகு. "விளங்கப்படுத்தித்தான் வாங்கினனான் எண்டு சொல்லு. அதோடை கதை முடிஞ்சுது. ரெண்டு பேருக்கும் ஒரு கறையும் இல்லை."

உண்மைதான். அப்படிச் சொன்னால் அன்பளிப்பு அன்பளிப்பாகவே இருக்கும். எனக்கு வேலையும் இருக்கும்.

2022 பெப்ரவரி 12, சனி

மத்தியஸ்த சபை பாடசாலை வகுப்பறை ஒன்றில் கூடியது. முன் வாங்குப் பலகையில் சேரும் நானும். பின்னால் பத்தொன்பது வீட்டுக்காரரும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சேர் முதலில் பேசினார். வழக்கம்போல அழகாகப் பேசினார். "தாட்சாயினிக்கு ஆங்கிலம் வடிவாத் தெரியும். எல்லாருக்கும் விளங்கப்படுத்திப்போட்டுத்தான் வாங்கினவா," என்று முடித்து, என் பக்கம் பார்த்துத் தலையசைத்தார்.

என்னைக் கேட்டார்கள். ஆங்கிலம் தெரியுமா? தெரியும். படிவத்தை வாசித்தீங்களா? இல்லை. எத்தனை வீட்டில விளங்கப்படுத்தினீங்கள்?

"ஒரு வீட்டிலயும் இல்லை."

எழுதிக்கொண்டிருந்தவருக்குக் கேட்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பின்னால் இருந்தவர்கள்வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.